வளர்வதும் பெருகுவதும்: வளர்ச்சி வீத அளவீட்டின் வரலாற்றில் ஒரு வளைகோடு

முன்னுரை

குழந்தை வளர்கிறது என்கிறோம்; மக்கள்தொகை பெருகுகிறது என்கிறோம். ஒரு பொருள் தன்னளவில் பெரிதாவதற்கு ஒரு சொல்லும், பொருள்கள் எண்ணிக்கையில் மிகுவதற்கு வேறொரு சொல்லும் தமிழில் உண்டு. இவ்வேறுபாடு எப்போதும் கறாராகப் பேணப்படுகிறது எனக் கூறவியலாது. வெள்ளமும் பெருகுகிறது, பொருளாதாரமும் வளர்கிறது. ஆயினும் அடிப்படை வழக்கில் வேறுபாடு தெளிவாகவே நிற்கிறது. ஆங்கில அறிவியல் இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்துவிட்டது. அச்சொல்லை 'வளர்ச்சி' என்று மட்டுமே மொழிபெயர்த்து, நம் பாடநூல்களும் 'வளர்ச்சி வீதம்' என்னும் ஒரே தொடரால் நுண்ணுயிர், நாடு, படிகம் ஆகிய மூன்றையும் சுட்டிவருகின்றன.

இது வெறும் சொல்லாக்கச் சிக்கல் அன்று. கடந்த இருநூறு ஆண்டுகளில் வளர்ச்சியை அளக்க முற்பட்ட கணிதவியலாரும் உயிரியலாரும் உலோகவியலாரும் ஒரே வகை வளைகோட்டை மீண்டும் மீண்டும் கண்டனர். தொடக்கத்தில் மெல்ல எழுந்து, நடுவில் விரைந்து, இறுதியில் ஓர் உச்ச எல்லையை நோக்கித் தளரும் எஸ் வடிவ வளைகோடு அது. தரவுகள் அவ்வளைகோட்டின்மேல் அழகாகப் பொருந்தின. அப்பொருத்தத்தையே காரண விளக்கமாகக் கொண்டவர்கள் வழிதவறினர். வளைகோட்டின் உள்ளே மறைந்திருக்கும் வீதங்களைப் பிரித்துத் தனித்தனியே அளந்தவர்கள் புதியன கண்டனர் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஒரு சிறுவனின் உயரம்

பிரான்சு நாட்டில் கெனோ த மோன்பெய்யார் என்னும் பிரபு, 1759ஆம் ஆண்டில் பிறந்த தம் மகனின் உயரத்தை ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அளந்து, அவனுக்குப் பதினெட்டு வயது நெருங்கும்வரை குறித்துவந்தார். அக்குறிப்புகளை அவருடைய நண்பரான இயற்கையியல் அறிஞர் புஃபோன் 1777இல் தம் பெருநூலின் துணைத் தொகுதியொன்றில் வெளியிட்டார். ஒரே மனிதனைத் தொடர்ந்து அளந்த நீண்ட பதிவுகளில் இதுவே மிகப் பழையது எனலாம். 1927இல் ஸ்கேமன் என்னும் அமெரிக்க உடற்கூற்றியலார் அவ்வெண்களைச் சென்டிமீட்டருக்கு மாற்றி வெளியிட்ட பின்னரே அது ஆய்வுலகில் பரவலாக அறியப்பட்டது.

இப்பதிவை இரு விதமாக வரையலாம். வயதுக்கு எதிராக உயரத்தை வரைந்தால், ஏறிக்கொண்டே செல்லும் மென்மையான கோடு ஒன்று கிடைக்கும். அதில் வியப்பொன்றும் இராது. வயதுக்கு எதிராக ஆண்டுக்கு எத்தனை சென்டிமீட்டர் என்னும் வீதத்தை வரைந்தால் காட்சி மாறிவிடும். பிறந்தவுடன் மிக உயர்ந்து நிற்கும் வீதம் விரைந்து சரிகிறது. பின் பல ஆண்டுகள் சிறிது சிறிதாகக் குறைகிறது. பதின்மூன்று, பதினான்கு வயதளவில் திடீரென மீண்டும் எழுந்து, பிறகு விழுகிறது. பருவமெய்தும் காலத்து விரைவு, உயரக்கோட்டில் ஏறக்குறைய மறைந்தும் வீதக்கோட்டில் மலைபோல் நிமிர்ந்தும் நிற்கிறது.

இதே காலத்தைப் பற்றி எழுதிய பெல்ஜிய அறிஞர் கெத்தலே, 1835இல் வெளியிட்ட தம் நூலில் வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை அளந்து சராசரி எடுத்தார். அச்சராசரியில் பருவ விரைவு கரைந்துவிட்டது. ஒருவனுக்குப் பன்னிரண்டில் வருவதும் மற்றொருவனுக்குப் பதினைந்தில் வருவதும் சேர்ந்து சராசரியானால், கூர்மையான மலைகள் தாழ்ந்த மேடாகிவிடும். இதை 1892இல் மானிடவியலார் ஃபிரான்ஸ் போவாஸ் தெளிவாகச் சுட்டிக்காட்டினார். சராசரி மனிதன் என்னும் கருத்தை உலகுக்கு அளித்த கெத்தலேயே அச்சராசரியால் ஏமாந்தார் என்பது நினைவுகூரத்தக்கது.

பெருக்கமும் தடையும்

மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கணிதமாக்கும் முயற்சி இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆய்லர் 1748இல் எழுதிய நூலில் மடக்கைகளின் பயனை விளக்க ஒரு கணக்கைத் தருகிறார். ஒரு நாட்டில் 1,00,000 பேர் உள்ளனர். ஆண்டுதோறும் தொகை முப்பதில் ஒரு பங்கு மிகுகிறது. நூறாண்டுக்குப் பின் எத்தனை பேர்? விடை 26,54,874. ஒற்றை மனிதனிலிருந்து உலகம் இவ்வளவு விரைவில் நிறைந்திருக்க முடியாது என வாதிட்டோருக்கு இத்தகைய கணக்குகளே விடை என்று ஆய்லர் கருதினார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1798இல், அதே பெருக்கல் கணக்கு மால்தசின் கையில் அச்சமூட்டும் ஒன்றாக மாறியது. தடையில்லாத நிலையில் மக்கள் இருபத்தைந்து ஆண்டுகளில் இரட்டிப்பர் என்று வட அமெரிக்க அனுபவத்தைக் கொண்டு அவர் கூறினார்.

தடை எவ்வாறு செயற்படும் என்பதற்குக் கணித உருவம் தந்தவர் கெத்தலேயின் மாணவராயிருந்த பியேர் ஃபிரான்சுவா வெர்ஹுல்ஸ்ட். 1838இல் வெளியிட்ட சிறு குறிப்பில், தொகை மிகமிகப் பெருக்க வீதம் நேர்விகிதத்தில் குறைந்துகொண்டே வரும் எனக் கொண்டு ஒரு வகையீட்டுச் சமன்பாட்டை எழுதினார். 1845இல் அளித்த விரிவான ஆய்வுரையில் அதன் தீர்வாகிய வளைகோட்டுக்கு 'லாஜிஸ்டிக்' எனப் பெயரிட்டார். ஏன் அப்பெயர் என அவர் விளக்கவில்லை. இன்றுவரை அது ஊகத்திற்குரியதாகவே உள்ளது.

1845ஆம் ஆண்டு ஆய்வுரையில் பெல்ஜியத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 6.6 மில்லியனைத் தாண்டாது என்னும் முடிவு வந்தது. 1847இல் வெர்ஹுல்ஸ்டே மற்றோர் ஆய்வுரை எழுதினார். தடையின் வடிவத்தைப் பற்றிய எடுகோளைச் சற்றே மாற்றினார். அதே நாட்டுக்கு எல்லை 9.4 மில்லியன் என்றானது. இரண்டு ஆண்டு இடைவெளியில், ஒரே ஆசிரியர், ஒரே நாடு, ஆயினும் 2.8 மில்லியன் மக்கள் வேறுபாடு. 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே பெல்ஜியம் 6.69 மில்லியனைத் தொட்டுவிட்டது, இன்று 11.5 மில்லியனையும் கடந்துள்ளது. வெர்ஹுல்ஸ்ட் 1849இல் நாற்பத்தைந்தாம் வயதுக்குள் இறந்தார். அவருடைய வளைகோடும் ஏறக்குறைய மறக்கப்பட்டது. என் நோக்கில், அவருடைய இரண்டாம் ஆய்வுரை முதலாவதைவிட முதன்மையானது. எடுகோள் மாறினால் எல்லை எவ்வளவு மாறும் என்பதை அவரே, தம்மை அறிந்தோ அறியாமலோ, காட்டிவிட்டார். பின்வந்தோர் முதலாவதை மட்டுமே எடுத்துக்கொண்டனர்.

பால் புட்டியிலிருந்து பேரரசு வரை

இடையில் அதே வடிவம் வேறொரு வாயில் வழியாக உயிரியலுக்குள் நுழைந்தது. 1908இல் பிரெயில்ஸ்ஃபோர்ட் ராபர்ட்சன், உடலின் வளர்ச்சியைத் தன்னைத் தானே விரைவுபடுத்திக்கொள்ளும் வேதிவினையாகக் கருதி, அவ்வினைக்குரிய சமன்பாட்டை எடைத் தரவுகளின்மேல் பொருத்தினார். அச்சமன்பாடு கணிதத்தில் வெர்ஹுல்ஸ்டின் சமன்பாடேதான். ஓர் உடல் வளர்வதும் ஒரு கூட்டம் பெருகுவதும் இங்கே ஒரே எழுத்துகளால் எழுதப்பட்டன.

1920இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேமண்ட் பெர்ல், லோவெல் ரீட் ஆகிய இருவரும், வெர்ஹுல்ஸ்டை அறியாமலேயே, அவ்வளைகோட்டை மீண்டும் கண்டனர். 1790 முதல் 1910 வரையிலான அமெரிக்கக் கணக்கெடுப்புகளின்மேல் அதைப் பொருத்தி, நாட்டின் உச்ச எல்லை ஏறத்தாழ 197 மில்லியன் என அறிவித்தனர். பாதி வழியைக் கடந்த நாள் 1914ஆம் ஆண்டு ஏப்ரல் 1 என்றும் கணித்தனர். பெர்ல் பால் புட்டிகளுக்குள் பழ ஈக்களை வளர்த்தும் எண்ணினார். அங்கும் அதே வடிவம். ஈஸ்ட், பழ ஈ, அல்ஜீரிய மக்கள், அமெரிக்க மக்கள் என எல்லாமே ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை என்னும் முடிவுக்கு அவர் வந்தார்.

என் முனைவர்ப்பட்ட ஆய்வுக் காலத்தில் வெளிநாட்டு நூலகமொன்றில் அக்கட்டுரையை முதன்முதலாகப் படித்தபோது, அவ்வளைகோட்டின் வழவழப்பு என்னையும் நம்பவைத்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1930க்கு அது காட்டிய தொகை சுமார் 122 மில்லியன். கணக்கெடுப்பில் வந்தது ஏறத்தாழ 123 மில்லியன். இதைவிடச் சிறந்த சான்று எது வேண்டும் என்றே அன்று பலரும் எண்ணினர். 1940இல் வளைகோடு சற்றே மிகையாகக் காட்டியது. 1960இல் வளைகோடு 159 மில்லியன் என்றது. கணக்கெடுப்போ 179 மில்லியன் என்றது. 1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 203 மில்லியன் மக்கள் இருந்தனர். தாண்டவே முடியாத எல்லை, போருக்குப் பிந்திய குழந்தைப் பேற்றால் ஒரு தலைமுறைக்குள் தாண்டப்பட்டது. புதிய சூழல்கள் எழாதவரைதான் கணிப்பு செல்லும் எனப் பெர்லும் ரீடும் முதற்கட்டுரையிலேயே எச்சரித்திருந்தனர். ஆனால் 'விதி' என்னும் சொல் பரவிய வேகத்தில் அவ்வெச்சரிக்கை பரவவில்லை.

இம்முழு முயற்சியின்மேல் வைக்கப்பட்ட மிகக் கூர்மையான குறுக்கீடு கணிதவியலார் வில்லியம் ஃபெல்லரிடமிருந்து 1940இல் வந்தது. லாஜிஸ்டிக் வளைகோட்டுக்குச் சான்றாகக் காட்டப்பட்ட அதே தரவுகளை எடுத்து, உயிரியற் பொருள் எதுவும் இல்லாத பிற எஸ் வடிவச் சார்புகளும் அதே அளவு நன்றாகப் பொருந்துவதை அவர் காட்டினார். நாற்பது, ஐம்பது புள்ளிகளை ஊடுருவிச் செல்லும் ஒரு கோடு, அப்புள்ளிகளை உண்டாக்கிய காரணத்தைப் பற்றி மிகக் குறைவாகவே கூறும். 2020இல் பெருந்தொற்றின் தொடக்க மாதங்களில் உலகின் பல பகுதிகளில் நாள்தோறும் எண்ணிக்கைகளின்மேல் எஸ் வடிவக் கோடுகள் வரையப்பட்டு முடிவு நாள் குறிக்கப்பட்டபோது ஃபெல்லரின் கட்டுரையை நினைத்துக்கொண்டேன். மனிதர் நடத்தை மாறினால் அக்கோட்டின் எல்லையும் மாறிவிடும் என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது.

கலங்கலை அளந்தவர்

பொருந்தாமையைப் பிழையெனத் தள்ளாமல் ஆராய்ந்த ஒருவரைக் காண, போர்க்காலப் பாரிசுக்குச் செல்ல வேண்டும். ழாக் மொனோ பாக்டீரியாக்களை எளிய ஊட்டக் கரைசலில் வளர்த்து, கரைசல் கலங்கும் அளவைக் கருவியால் அளந்து பெருக்கத்தைக் கணக்கிட்டார். முழு வளைகோட்டுக்கும் ஒரே சமன்பாடு தேடும் வேலையை அவர் கைவிட்டார். வளைகோட்டில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார். செல்கள் சீரான கால இடைவெளியில் இரட்டிக்கும் பகுதி அது. அப்பகுதியின் வீதத்தைச் சர்க்கரையின் செறிவை மாற்றி மாற்றி அளந்தார். செறிவு குறைவாயின் வீதம் அதனோடு ஏறுகிறது. செறிவு மிகுந்தால் ஓர் எல்லைக்குமேல் ஏறுவதில்லை. அதேபோல், மொத்தம் எவ்வளவு செல் விளையும் என்பதையும் தனியே அளந்தார். வேகம் வேறு, விளைச்சல் வேறு. லாஜிஸ்டிக் சமன்பாட்டில் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த இரண்டும் இங்கே பிரிந்தன.

இரு வகைச் சர்க்கரைகளைச் சேர்த்து ஊட்டியபோது எஸ் வடிவமே தோன்றவில்லை. செல்கள் பெருகின; நின்றன; சற்று நேரம் கழித்து மீண்டும் பெருகின. இரண்டு வளைகோடுகள், இடையே ஒரு தட்டையான படி. 1941இல் இதற்கு 'டயாக்சி' எனப் பெயரிட்டார். 1942இல் அவருடைய முனைவர்ப்பட்ட ஆய்வேடு வெளிவந்தது. புள்ளிகளை ஒரே கோட்டுக்குள் அடக்க முனைபவருக்கு அப்படி வெறும் பிழையே. மொனோவுக்கோ அது கேள்வியாயிற்று. குளுகோசு தீரும்வரை மற்றச் சர்க்கரையைச் சிதைக்கும் நொதியைச் செல் ஏன் உண்டாக்குவதில்லை? அக்கேள்வியைத் தொடர்ந்து சென்றே 1961இல் அவரும் ஃபிரான்சுவா ஜாக்கோபும் மரபணுக்கள் இயக்கப்படும் முறையை விளக்கினர். 1965இல் ஆந்த்ரே ல்வோஃபுடன் இருவருக்கும் நோபல் பரிசு கிட்டியது. கலங்கிய நீரின் அளவீட்டில் தோன்றிய சிறு படியொன்று மரபணுவியலின் வாயிற்படியாயிற்று.

1950இல் மொனோவும், தனியே நோவிக்கும் சிலார்டும், தொடரோட்ட வளர்ப்பு முறையை உருவாக்கினர். கலனுக்குள் புதிய ஊட்டக் கரைசல் சீராக வந்துகொண்டே இருக்கும். அதே அளவு செல்களோடு வெளியேறும். மணிக்குக் கலனின் ஐந்தில் ஒரு பங்கு மாற்றப்பட்டால், நிலைத்து நிற்கும் செல்கள் அதே வீதத்தில்தான் பெருக முடியும்; அதாவது ஏறத்தாழ மூன்றரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்க வேண்டும். இங்கே வீதம் அளந்து அறியப்படுவதன்று. ஆய்வாளர் திருகு குமிழால் நிறுவுவது.

எஃகினுள் மழைத்துளிகள்

உயிரற்ற பொருள்களில் வளர்வதையும் பெருகுவதையும் பிரித்தறியும் தேவை இன்னும் கூர்மையாக எழுந்தது. 1898இல், அப்போது டோர்பாட்டில் பணியாற்றிய குஸ்தாவ் தம்மான், உருகுநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் நிற்கும் கரிமத் திரவங்களை ஆராய்ந்தார். உறைதல் என்னும் ஒரு நிகழ்ச்சிக்குள் இரண்டு உள்ளன என்பது அவருக்குத் தெரிந்தது. ஆங்காங்கே படிகக் கருக்கள் தோன்றுகின்றன. தோன்றிய ஒவ்வொரு கருவும் வளர்கிறது. முதலாவதன் உச்ச வீதம் தாழ்ந்த வெப்பநிலையிலும் இரண்டாவதன் உச்ச வீதம் உயர்ந்த வெப்பநிலையிலும் அமைந்தன. எனவே அவர் திரவத்தைக் குளிரில் சிறிது நேரம் வைத்துக் கருக்களைத் தோற்றுவித்து, பின் சூடான நிலைக்குக் கொண்டுவந்து அவற்றை வளரவிட்டு எண்ணினார். விதைக்க ஒரு பருவம், விளைய ஒரு பருவம் என்னும் உழவரின் முறையே இது.

1930இல் அமெரிக்காவில் டேவன்போர்ட்டும் பெயினும் எஃகின் சிறு துண்டுகளைச் சிவக்கக் காய்ச்சி, உருகிய உலோகத் தொட்டியில் ஒரே வெப்பநிலையில் வெவ்வேறு நேரம் வைத்து, பின் நீரில் சட்டெனக் குளிர்வித்து நுண்ணோக்கியில் பார்த்தனர். எவ்வளவு பகுதி உருமாறியிருக்கிறது என்பதை நேரத்துக்கு எதிராக வரைந்தால், மீண்டும் எஸ் வடிவம். இவ்வடிவத்தைக் கணிதமாக்கியோர் மூன்று இடங்களில் தனித்தனியே தோன்றினர். மாஸ்கோவில் கொல்மகரோவ் 1937இலும், பிட்ஸ்பர்க்கில் ஜான்சனும் மெஹலும் 1939இலும், நியூயார்க்கில் அவ்ராமி 1939 முதல் 1941 வரையிலும் எழுதினர்.

அவர்களுடைய சிந்தனையைக் குளத்தில் விழும் மழையாக நினைத்துப் பார்க்கலாம். துளி விழுந்த இடமெல்லாம் ஒரு வளையம் தோன்றி விரிகிறது. வளையங்கள் ஒன்றோடொன்று மோதி மூடிக்கொள்வதால் மூடிய பரப்பை நேரடியாகக் கூட்டுவது கடினம். கேள்வியைத் திருப்பிக் கேட்டால் எளிதாகிறது: குறித்த ஒரு புள்ளியை இதுவரை எந்த வளையமும் எட்டாதிருக்கும் வாய்ப்பு எவ்வளவு? அவ்ராமி, ஏற்கனவே உருமாறிய பகுதிக்குள்ளும் கற்பனைக் கருக்கள் தோன்றுவதாகக் கொண்டு இதே விடையை அடைந்தார். உருமாறிய பங்கு தொடக்கத்தில் மெல்ல எழுகிறது, விரைகிறது, மோதல்களால் தளர்கிறது. உணவுப் பற்றாக்குறையோ நெருக்கடியோ இங்கே இல்லை. இடம் தீர்ந்துபோவது ஒன்றே காரணம்.

இச்சமன்பாட்டில் ஒரு கண்ணி உள்ளது. கருக்கள் சீராகத் தோன்றிக்கொண்டே இருக்கும் நிலையில், வளைகோட்டை நிறுவுவது கருத்தோற்ற வீதத்தையும் வளர்ச்சி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தையும் பெருக்கி வரும் ஒற்றை எண். இரு எஃகுத் துண்டுகளை எண்ணிப் பாருங்கள். இரண்டாவதில் கருத்தோற்றம் முதலாவதைப் போல் எட்டு மடங்கு. வளர்ச்சி வேகம் பாதி. பாதியின் மும்மடி எட்டில் ஒன்று. எட்டோடு பெருக்கினால் ஒன்று. இரு துண்டுகளின் வளைகோடுகளும் புள்ளிக்குப் புள்ளி ஒன்றாகவே இருக்கும். ஆனால் உள்ளே பார்த்தால், இரண்டாவதில் எட்டு மடங்கு எண்ணிக்கையில் படிகமணிகள் உள்ளன. ஒவ்வொன்றின் குறுக்களவும் பாதி. நுண்மணி கொண்ட உலோகம் பருமணி கொண்டதைவிட வலியது என்பதை 1951இல் ஹாலும் 1953இல் பெட்சும் அளந்து காட்டினர். ஆக, வளைகோடு ஒன்று, வலிமை வேறு. பாலத்தின் தூணாகவோ இயந்திரத்தின் அச்சாகவோ ஆகப்போகும் எஃகைப் பற்றி அறிய வளைகோடு போதாது.

இதனால்தான் மெஹலின் மரபில் வந்த உலோகவியலார் இரண்டையும் பிரித்தே அளந்தனர். வெவ்வேறு நேரம் உருமாற்றிய துண்டுகளை வழவழப்பாகத் தேய்த்து, ஒவ்வொன்றிலும் காணும் மிகப் பெரிய படிகக் கணுவின் குறுக்களவை நேரத்துக்கு எதிராகக் குறித்தனர். மிகப் பெரியது முதலில் தோன்றியதாகவே இருக்கும். அக்கோட்டின் சரிவு வளர்ச்சி வேகத்தைத் தரும். எண்ணிக்கையைத் தனியே எண்ணினர். ஒன்றில் பெருக்கம், மற்றொன்றில் வளர்ச்சி. தமிழில் அவ்வாய்வேடுகளை எழுதியிருந்தால் இரு சொற்களும் அவற்றுக்குரிய இடத்தில் தாமாகவே அமர்ந்திருக்கும் என எண்ணுகிறேன்.

பொருந்தாத படிகம்

அளவீடு கோட்பாட்டை முற்றிலும் கவிழ்த்த ஒரு நிகழ்வும் உண்டு. குறையே இல்லாத படிகத்தின் சமதளத்தில் புதிய அடுக்கு தொடங்க ஒரு கரு தோன்ற வேண்டும். அதற்குச் சுற்றியுள்ள ஆவி, படிகத்தோடு சமநிலையில் நிற்கும் அளவைவிடப் பல பத்து விழுக்காடு மிகையாயிருக்க வேண்டும் என்றது கோட்பாடு. 1931இல் ஃபோல்மரும் ஷுல்ட்செயும் அயோடின் படிகங்களை அளந்தபோது, ஒரு விழுக்காடு மிகையிலேயே அவை வளர்ந்தன. கோட்பாட்டின்படி அந்நிலையில் வளர்ச்சி வீதம் நடைமுறையில் சுழியம். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இம்முரண்பாடு தீராமல் நின்றது.

1949இல் பிரிஸ்டலில் நடந்த கருத்தரங்கில் ஃபிராங்க் விடையளித்தார். உண்மைப் படிகங்கள் குறையுடையவை. அணு அடுக்குகள் சுழற்படிக்கட்டுபோல் பிறழ்ந்திருக்கும் இடத்தில் ஒரு விளிம்பு எப்போதும் திறந்தே இருக்கும். படிகம் வளர வளர அவ்விளிம்பு சுற்றிக்கொண்டே போகும். புதிய கரு தேவையே இல்லை. 1950இல் கிரிஃபின் பெரில் படிகத்தின் முகத்தில் அச்சுருள்களை நுண்ணோக்கி வழியே படமெடுத்து வெளியிட்டார். 1951இல் பர்ட்டன், கப்ரெரா, ஃபிராங்க் ஆகிய மூவரும் முழுக் கோட்பாட்டையும் எழுதினர். ஒரு வீதம் எதிர்பார்த்தபடி இல்லாமற்போனதே இக்கண்டுபிடிப்பின் தொடக்கம்.

அண்மைக் காலத்தில் கேள்வியே சற்று இடம்பெயர்ந்துள்ளது. 1986இல் கார்தார், பரீசி, ஜாங் ஆகியோர் வளரும் பொருளின் சராசரி வேகத்தை விட்டு, அதன் எல்லைக்கோடு எவ்வளவு கரடுமுரடாகிறது என்பதற்குச் சமன்பாடு எழுதினர். சமதளத்தில் விரியும் எல்லையில் ஏற்ற இறக்கங்கள் காலத்தின் மூன்றில் ஒரு மடியாகப் பெரிதாகும் என்பது அதன் முடிவு. 1997இல் பின்லாந்து ஆய்வாளர் மெல்ல எரியும் தாளின் விளிம்பில் இதைச் சோதித்தனர். 2010இல் தோக்கியோவில் தக்கேயுச்சியும் சானோவும் திரவப் படிகத்தில், ஒரு கொந்தளிப்பு நிலை மற்றொன்றினுள் பரவும் எல்லையை நுணுக்கமாக அளந்தனர். லேசர் ஒளியால் ஒருமுறை ஒரு புள்ளியிலிருந்தும் மறுமுறை ஒரு நேர்கோட்டிலிருந்தும் பரவலைத் தொடங்கிவைத்தனர். இரண்டிலும் எல்லை நெடுநேரத்தில் அடையும் வேகம் ஒன்றே. மூன்றில் ஒரு மடி என்னும் அடுக்கும் ஒன்றே. ஏற்ற இறக்கங்களின் பரவல் மட்டும் இரண்டிலும் வேறு. புள்ளியில் பிறந்ததா கோட்டில் பிறந்ததா என்பதை வேகம் மறந்துவிட்டிருந்தது. எல்லையின் நெளிவுகள் மறக்கவில்லை.